ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரை மே மாதத்தில் காப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் இரண்டு மாதங்களுக்கு உள்ளே எதையும் தொட மாட்டார்கள். மூன்றாவது மாதம் நண்பர் ஒருவர் வருவார். "உன் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்தால் இன்னும் வேகமாக ஓடும், காசு செலவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று இரவே பயாஸ் திறக்கப்படும். வேகம் கூடுவது உண்மைதான். செலவே இல்லை என்பதுதான் சரியல்ல. அந்தச் செலவு வெப்பமாக வருகிறது. அந்த வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பதை இங்கு பார்ப்போம்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது வட சென்னையில், திருவொற்றியூர், மணலி, சடையங்குப்பம் பகுதிகளில். சடையங்குப்பம் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். ஒரு பக்கம் மணலித் தொழிற்சாலைகள், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம். ஷீட் கூரை போட்ட வீடுகள் நிறைய உண்டு. ஓவர்கிளாக் பற்றி இன்டர்நெட்டில் படிக்கும் பாடங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டு அறைகளில் சோதித்து எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பாடத்தை இந்த ஊரை வைத்தே எழுதுகிறேன்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

ப்ராசஸர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. மதர்போர்டு 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓர் அடிப்படைத் தாளம் கொடுக்கும். ப்ராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். இந்த எண்ணுக்கு மல்டிப்ளையர் என்று பெயர். மல்டிப்ளையர் 41 என்றால் 4100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.1 கிகாஹெர்ட்ஸ். இதை 48 ஆக மாற்றினால் 4.8 கிகாஹெர்ட்ஸ். கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்.

எல்லா ப்ராசஸரிலும் இதைச் செய்ய முடியாது. இன்டெல் என்றால் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும். அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசன் வகையில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. இன்டெல், ஏஎம்டி இரண்டுமே ஓவர்கிளாக் செய்வதால் வரும் பழுதுக்கு வாரண்டி தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு காலத்தில் இது ஏழைகளின் வித்தையாக இருந்தது. 1998ல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரின் மல்டிப்ளையர் 4.5. மதர்போர்டின் தாளத்தை 66லிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் 450ல் ஓடியது. பாதி அளவுக்கு வேகம் சும்மா கிடைத்தது! இன்று அந்த அளவுக்கு மிச்சம் கிடையாது. டர்போ, பூஸ்ட் என்ற பெயரில் கம்பெனியே பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்துத்தான் விற்கிறது. என்னைக் கேட்டால், கணக்கு எழுதவும் பாட்டுக் கேட்கவும் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓவர்கிளாக் தேவையே இல்லை. ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய 'கே' ப்ராசஸர் வாங்கி அதை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு, கிடைக்கும் சில நிமிடங்களும் காசுதான்.

மதியம் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

சடையங்குப்பத்தில் ஒரு தம்பி வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். கோர் ஐ5 8600கே ப்ராசஸர். 6 கோர்களும் வேலை செய்யும்போது 4.1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்படி வந்தது. அதை அவர் 4.8க்கு ஏற்றியிருந்தார். அப்படி ஏற்ற வோல்டேஜையும் 1.15லிருந்து 1.35 ஆகக் கூட்டியிருந்தார். ஜனவரியில் செய்தது. மே மாதம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, நைட்ல நல்லா ஓடுது. மத்தியானம் ரெண்டர் போட்டா பாதியில நின்னுடுது. சில நாள் ப்ளூ ஸ்கிரீன். நாளன்னிக்கு பார்ட்டிக்கு வீடியோ குடுத்தாகணும்."

ப்ராசஸர் போய்விட்டதா, ராம் போய்விட்டதா என்று அவருக்குக் கவலை. ஒன்றும் போகவில்லை. எல்லாம் கணக்குதான். இந்தக் கணக்கு புரிந்தால் இந்தப் பாடத்தில் முக்கால் பங்கு முடிந்தது.

ப்ராசஸர் உண்டாக்கும் வெப்பம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. வேகம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வெப்பம் கூடும். வோல்டேஜ் அப்படியல்ல, அதன் வர்க்கத்தின் அளவுக்கு வெப்பம் கூடும். அதாவது வோல்டேஜ் கூடிய மடங்கை அதே மடங்கால் பெருக்க வேண்டும். தம்பியின் கம்ப்யூட்டரில் வேகம் 1.17 மடங்கு. வோல்டேஜும் 1.17 மடங்கு. ஆக 1.17 மூன்று முறை பெருக்கப்படுகிறது, ஏறத்தாழ 1.6 வருகிறது. வேகம் கூடியது 17 சதவீதம், வெப்பம் கூடியது 60 சதவீதத்துக்கு மேல். பழைய வேகத்தில் 90 வாட் என்று வைத்துக்கொண்டால் இப்போது 145 வாட்.

அடுத்தது அறை. ஹீட் சிங்கும் ஃபேனும் ப்ராசஸரின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றிவிடுகின்றன, அவ்வளவுதான். எனவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏர் கூலராக இருந்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கூலரின் திறமை.

தம்பியின் கூலர் பழைய வேகத்தில் அறையைவிட 40 டிகிரி கூடுதலாக வைத்திருந்தது. வெப்பம் 1.6 மடங்கானால் இந்த 40 என்பது 64 ஆகும். ஜனவரி இரவில் அறை 25 டிகிரி. 64ஐக் கூட்டினால் 89. சூடுதான், ஆனாலும் ஓடும். மே மாத மதியம் அந்த ஷீட் வீட்டில் அறை 38 டிகிரி, கூட்டினால் 102. அந்த ப்ராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100.

எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத் த்ராட்லிங் என்பார்கள். 2001ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது. பென்டியம் 4 மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. இன்றைய ப்ராசஸர்கள் எல்லாவற்றிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. எனவே புகை வராது. ஆனால் நீங்கள் ஏற்றிய வேகம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் மே மாத மதியத்தில் செய்யாத கம்ப்யூட்டரை விட மெதுவாக ஓடுவதும் நடக்கும். சூடு ஏறும்போது நிலையாக ஓட ப்ராசஸருக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் தேவைப்படும். அது கிடைக்காவிட்டால் கணக்கில் பிழை வரும்; ப்ளூ ஸ்கிரீன் வரும். தம்பிக்கு வந்தது இதுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

இரண்டு தெர்மாமீட்டர் வேண்டும். ஒன்று அறைக்கு, சுவரில் மாட்டும் சாதாரணமானது போதும். இன்னொன்று ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படிக்க ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற இலவச புரோகிராமை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு சினிபெஞ்ச் போன்ற சோதனை புரோகிராமை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். 5 நிமிட சோதனை எதற்கும் உதவாது. ஹீட் சிங்கும் கேபினட்டின் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகவே நேரம் பிடிக்கும். முடிவில் ப்ராசஸரின் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதோடு மே மாத மதிய அறை வெப்பநிலையைக் கூட்டினால் 85க்குள் வர வேண்டும். இது கம்பெனி சொன்ன எண் அல்ல, நான் வைத்திருக்கும் எல்லை. தூசி படிந்து கூலரின் திறமை குறையும்போது இழுத்துப் பிடிக்க அந்த 15 டிகிரி வேண்டும்.

எந்த நாளில் சோதிப்பது என்பதும் முக்கியம். சென்னையில் வழக்கமாகப் பகல் 12 மணியை ஒட்டிக் கடல் காற்று வந்து சூட்டைத் தணிக்கும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கடல் காற்று தாமதமாகும். அன்றுதான் உண்மையான வெயில். 2003 மே மாத இறுதியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடலோரம்தானே இருக்கிறோம் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் காற்று வராத நாளில் சோதித்துப் பாருங்கள்.

கேபினட்டை எங்கே வைக்கிறீர்கள்?

நான் போகும் வீடுகளில் பாதிப் பிரச்சினை கம்ப்யூட்டர் டேபிளால் வருகிறது. டேபிளின் அடியில் கேபினட் வைக்க மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு பெட்டி இருக்குமே, அதுதான். பின்னால் வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதித் திரும்பி முன்பக்கம் மறுபடி உள்ளே போகிறது. அறை 35 என்றால் அந்தப் பெட்டிக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதல். கேபினட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது மேலே துணி உறை போடவே கூடாது. அம்மா பூ வேலை செய்து போட்ட உறையாக இருந்தாலும் சரி.

தரையிலும் வேண்டாம். தரையில் தூசி அதிகம். பூண்டி ஏரியின் உபரி நீர் திறக்கும் மழைக்காலத்தில் சடையங்குப்பமும் பர்மா நகரும் தண்ணீரில் நிற்பதை 2021லும் பார்த்தோம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின் போதும் பார்த்தோம். இந்தப் பக்கத்து வீடுகளில் கேபினட்டை டேபிளுக்கு மேலேயே வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

ஃபேன்கள் ஒன்றுக்கொன்று எதிராகக் காற்றைத் தள்ளாமல் இருக்க வேண்டும். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியே வரும். சந்தேகம் என்றால் ஊதுவத்தியை ஏற்றிச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை போகும் திசை சொல்லிவிடும்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. வெப்பம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் சடையங்குப்பத்தில் அதைச் செய்தால் அடுத்த பிரச்சினையை நீங்களே கூப்பிடுகிறீர்கள்.

உப்பும் சாம்பலும்

தூசி எல்லா ஊரிலும் உண்டு. இங்கே தூசியோடு இரண்டு விருந்தாளிகள் கூடுதல். ஒன்று, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்ணோடும் அனல் மின் நிலையப் பக்கத்திலிருந்தும் வரும் நிலக்கரித் தூளும் சாம்பலும். மிக மெல்லிய பொடி; சாதாரண ஃபில்டர் வலையில் நிற்காது. இன்னொன்று கடல் உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஊர் விடியற்காலைகளில் அது சாதாரணம். ஹீட் சிங்க் தகடுகளில் படிந்த உப்பு இரவில் கசிந்து, சாம்பலைப் பிடித்துக்கொண்டு, பகல் சூட்டில் காய்ந்து அடையாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகாது. மதர்போர்டில் படிந்தால் அரிப்பு வேறு.

மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்தால் போதும் என்பேன். இங்கே இரண்டு மாதம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டை வாசலுக்குக் கொண்டுபோங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் அடையைத் தட்டிவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். ஈரத் துணி கூடவே கூடாது. புதிதாகக் கூலர் வாங்குபவர்கள் நிக்கல் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேஸ்ட்

ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதுதான் தெர்மல் பேஸ்ட். அதிகம் தடவினால் அதிகக் குளிர்ச்சி என்று நினைக்காதீர்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து ஹீட் சிங்கை நேராக அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும். ஹீட் சிங்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் என்றால் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள். டூத் பேஸ்ட் வைக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். இரண்டே நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும், வேண்டாம்.

தண்ணீர் கூலர், ஐஸ்

வாட்டர் கூலர் போட்டால் ஐஸ் போல இருக்கும் என்பது கடைக்காரர் சொல்லும் கதை. தண்ணீர் ப்ராசஸரின் சூட்டை எடுத்துப்போய் ரேடியேட்டரில் அறைக் காற்றிடம்தான் கொடுக்கிறது. பக்கத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்விப்பது கடல் நீர். சூடு மறைந்துவிடவில்லை, நீரோடு வெளியே வருகிறது. அந்தச் சுடுநீரைப் பற்றி எண்ணூர் கழிமுகத்து மீனவர்கள் பல காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். உங்கள் அறையிலும் அப்படித்தான். 145 வாட் வெளியேறினால் அந்த 145 வாட் அறைக்குள்தான் நிற்கும். ஜன்னலைத் திறந்து அறைக் காற்று மாறும்படி வைக்காவிட்டால் எந்தக் கூலரும் தோற்றுவிடும். என் கணக்கில், 150 வாட்டுக்குள் இருக்கும் ப்ராசஸருக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் ஏர் கூலர் போதும். வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும். டவர் கூலரில் 1 ஃபேன் போனால் கடையில் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஐஸ் கட்டி, ஃப்ரிட்ஜ், பெல்டியர் தகடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர்ந்த கலர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளியே வியர்க்கிறதல்லவா? மே மாதச் சென்னையில் எந்தப் பொருளும் 25 டிகிரி அளவுக்குக் கீழே போனாலே பல நாட்களில் வியர்க்கும். மதர்போர்டில் அந்தச் சொட்டு விழுந்தால் கதை முடிந்தது.

வோல்டேஜைக் குறைத்தால் பாதி வேலை முடியும்

சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, டேபிளை விட்டு வெளியே எடுத்த பிறகு தம்பியின் பயாஸுக்குள் போனோம். மல்டிப்ளையரை 48லிருந்து 44க்கு இறக்கினோம். அந்த வேகத்துக்கு 1.20 வோல்ட்டே போதுமானதாக இருந்தது. வெப்பம் பழைய அளவைப் போல 1.17 மடங்கு மட்டும். 40 என்பது 47 ஆகும். 38ஐக் கூட்டினால் 85.

"வேகம் போச்சே அண்ணே" என்றார். பேப்பரில் போட்டுக் காட்டினேன். 4.8ல் 1 மணி நேரம் ஆகும் ரெண்டர் 4.4ல் 65 நிமிடம் சொச்சம். ஐந்தரை நிமிடம் கூடுதல். பாதியில் நின்றால் முழுவதையும் மறுபடி போட வேண்டும். அன்று மதியம் போட்ட ரெண்டர் நிற்காமல் முடிந்தது.

வோல்டேஜை எப்படிக் கண்டுபிடிப்பது? பயாஸில் மல்டிப்ளையரை வேண்டிய எண்ணில் வையுங்கள். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். பல மதர்போர்டுகள் ஆட்டோவில் தேவைக்கு மேல் கொடுத்துவிடும். கையால் எண் போட்டு, 0.01 வோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். பிழை வரும் இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். பொறுமையான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

கூலர் நன்றாக இருக்கிறதே என்று வோல்டேஜைத் தாராளமாகக் கொடுப்பதும் தவறு. அளவுக்கு மீறிய வோல்டேஜ் ப்ராசஸரை நிரந்தரமாகக் கெடுக்கும். 2024ல் இன்டெல்லின் 13, 14ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல நிலையில்லாமல் நின்றன. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதே காரணம் என்று இன்டெல் சொன்னது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. அந்த வகை உங்களிடம் இருந்தால் ஓவர்கிளாக் எண்ணத்தை விட்டுவிட்டு முதலில் பயாஸ் அப்டேட் செய்யுங்கள்.

பல மதர்போர்டுகளில் செட்டிங்கைப் ப்ரொஃபைல் ஆகச் சேமிக்கும் வசதி உண்டு. தம்பியின் பயாஸில் இப்போது இரண்டு இருக்கின்றன. 'மே' என்பதில் 44, 1.20 வோல்ட். 'டிசம்பர்' என்பதில் 46, 1.27 வோல்ட். இரண்டாவதில் 26 டிகிரி அறையில் 81 வரும். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குக் காத்திருக்காமல் மார்ச்சிலேயே மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

லேப்டாப்பில் இதெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதன் கூலர் கம்பெனி வைத்த வேகத்துக்கே மூச்சு வாங்குகிறது. மெத்தை மேல் வைக்காமல், அடியில் காற்றுப் போகும்படி இரண்டு பக்கமும் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்து ஓட்டுங்கள், போதும்.